ஹேரின் சொன்னதாக ஒரு பேனர்

ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். குக்கரில் நேற்றைய சோறு இருந்தது. வெந்நீர் ஊற்றி, கிம்ச்சி வைத்துச் சாப்பிட்டேன். கிண்ணத்தைக் கழுவினேன். மாடியிலிருந்து இறங்கிக் கடை ஷட்டரைத் தூக்கினேன். பிரிண்டரைப் போட்டேன். அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளப் பதினொரு நிமிடம் ஆகும். அதற்குள் வாசலைக் கூட்டினேன். துணி வெட்டும் சூட்டுக் கத்தியின் முனையில் ஒட்டியிருந்த கருகலைச் சுரண்டினேன். தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். மிஷின் ஹேரினுடையது. அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது நான்தான் தைக்கிறேன். கோணலாக வருகிறது.

நாங்கள் பேனர் அடிக்கிறோம். அடிக்கிறேன். பால்வாடி ஆண்டு விழா, உரத்துக்குத் தள்ளுபடி, புது முடிதிருத்தகம். தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்கும். ஊரில் வேறு கடை இல்லை.

சொம்ஜின் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கியோங்சாங் மாகாணம். அந்தப் பக்கம் ஜொல்லா மாகாணம். பாலத்தில் நடந்தால் ஆறு நிமிடம். இக்கரையில் பத்துக்கு ஏழு பேர் சிவப்புக் கட்சிக்குப் போடுவார்கள். அக்கரையில் பத்துக்கு ஒன்பது பேர் நீலக் கட்சிக்கு. நான் இக்கரை. ஹேரின் அக்கரை. கல்லூரியில் ஒரே வகுப்பு. கல்யாணப் பேச்சை எடுத்தபோது என் அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"அவங்க வீட்ல ஆத்துச் சிப்பி சூப் வைப்பாங்களா?"

"விக்கிறதே அதான்ப்பா."

"அப்ப சரி."

கடைக்கு ஒரு விதி உண்டு. ஹேரின் போட்டது. அளவு, நிறம், கயிறு எல்லாம் நம் வேலை. வாசகம் அவர்கள் வேலை. என்ன கொடுத்தாலும் அடிப்போம், எழுத்துப் பிழையை மட்டும் திருத்துவோம். சிவப்பும் நீலமும் ஒரே மேசையில் காயும் கடையில் வேறு வழியில்லை. ஆனால் அடிக்கும்போது அவள் வாய் சும்மா இருக்காது. 'குடிமக்கள் அனைவரின் உத்தரவு' என்று சிவப்பில் ஒன்று உருண்டு வரும். அது காய்வதற்குள் 'குடிமக்கள் அனைவரின் கோபம்' என்று நீலத்தில் அடுத்தது வரும்.

"அனைவரும்னா எத்தனை பேர்டா?" என்பாள்.

"அஞ்சு கோடி."

"நான் உத்தரவும் போடல, கோவமும் படல. அதுல ஒண்ணு கொறச்சுக்கச் சொல்லு."

வாக்களிக்கும் நாளில் சேர்ந்து போவோம். வாக்குச்சீட்டில் குத்தும் முத்திரையைப் புறங்கையிலும் ஒன்று குத்திக்கொண்டு வருவாள். பிறகு குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிடுவோம். யாருக்குப் போட்டோம் என்று ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"உனக்குத் தெரிஞ்சா உங்கப்பாவுக்குத் தெரிஞ்ச மாதிரி. கம்முனு சாப்பிடு" என்றாள்.

விதிக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. எங்கள் ஊரில் தேர்தல் முடிந்த மறுநாள் காலை வென்றவர் நன்றி பேனர் கட்டுவார். தோற்றவரும் கட்டுவார். தோற்றவருக்கு அன்று வாசகம் எழுதும் தெம்பு இருக்காது. அதை ஹேரின் எழுதித் தருவாள். நான்கு வருடம் முன்பு வட்டத் தலைவர் தேர்தலில் மேங் ஜொங்தே தோற்றார். அவருக்கு அவள் எழுதியது: 'குறைவாக நடந்துவிட்டேன். இனி நிறைய நடக்கிறேன். நன்றி.' அதைக் கட்டிய பிறகு அவர் உண்மையாகவே தினமும் நடக்க ஆரம்பித்தார். நான்கு வருடமாகக் காலையில் அவர் நடப்பதை ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. எட்டு கிலோ இளைத்தார்.

போன அக்டோபரில் சந்தை முனையில் பேனர் கட்டப் போனோம். பழைய மாணவர் விளையாட்டு விழாவுக்கு. காலை ஏழு மணி. நான் ஏணியில். மட்டம் பார்க்க அவள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். பார்த்தாள். சொன்னாள். திரும்பி, சாலை கடக்கும் வெள்ளைக் கோடுகளின் மேல் நடந்து வந்தாள். அங்கே சிக்னல் கிடையாது. லாரிக்காரருக்கு எதிர்வெயில். ஆம்புலன்ஸ் வரும்போது முடிந்திருந்தது.

சாவு வீட்டில் இரண்டாம் நாள் என் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, கடைசியா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல அத்தை."

பொய். அவள் சொன்னது வெள்ளைப் பூக்களுக்கு நடுவில் சொல்லக்கூடியதாக இல்லை. தவிர, அது ஒன்றுதான் என்னிடம் மட்டும் இருந்தது. அத்தை தலையாட்டினார். நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்தில் மறுபடி கேட்டார். அதையே சொன்னேன்.

மே மாதம் பிரச்சாரம் தொடங்குவதற்கு முன் மேங் கடைக்கு வந்தார். சிவப்பு ஜாக்கெட். ஷூவில் மண். தேர்தல் நேரத்தில் வேட்பாளர் யாருக்கும் ஒரு காபிகூட வாங்கித் தரக் கூடாது, சட்டம். அதனால் நான் கலக்கிக் கொடுத்தேன்.

"தம்பி, சாப்பிடுறியா ஒழுங்கா?"

"சாப்பிடறேன் தலைவரே."

"மூஞ்சி அப்படித் தெரியலையே." காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சந்தை முனையில நடைமேம்பாலம் போடுறதா வாக்குறுதி குடுக்கப்போறேன். ஹேரினுக்காக. தப்பா எடுத்துக்காதே. அதுக்கு ஒரு பேனர்."

பென் டிரைவை நீட்டினார். திறந்தேன். எட்டு மீட்டர் நீளம். சிவப்பு.

'"இந்தச் சாலையைச் சரி செய்யுங்கள்" — ஹேரினின் கடைசி வார்த்தை. குடிமக்கள் அனைவரின் முதல் உத்தரவு.'

திரையை மேங் பக்கம் திருப்பினேன்.

"இதை எப்பச் சொன்னா?"

"பாக்குறப்பல்லாம் சொல்லுவாளே, தம்பி."

"கடைசி வார்த்தைன்னு போட்டிருக்கு."

"அது ஆபீஸ் பசங்க போட்டது." காபியைக் குடித்தார். நேராகவே என்னைப் பார்த்தார், ஏமாற்றுகிறவர் மாதிரி இல்லை. "எல்லாரும் சொல்றதுதானேப்பா. ஊரே சொல்லுது. அவ மட்டும் சொல்லாம இருந்திருப்பாளா?"

சொல்லியிருக்கலாம். ஹேரின் எல்லோரிடமும் பேசுவாள். மேங்கிடம் சாலையைப் பற்றி நூறு தடவை சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். அது இது இல்லை.

"அவ எழுதிக் குடுத்தாளே, அந்தத் தோத்த பேனர்" என்றார் மேங். "என் பொண்டாட்டி அதை இன்னும் மடிச்சு பீரோவுல வெச்சிருக்கா. ஜெயிச்சிருந்தா இவ்வளவு நல்லதா ஒண்ணு கெடச்சிருக்காதுன்னு சொல்றா."

அடிக்க மாட்டேன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே வாசகத்தில் ஒட்டியிருந்த இரண்டு சொற்களைப் பிரித்து இடைவெளி விட்டேன். நிறத்தைச் சரிபார்த்தேன். விதி விதிதான். கை தானாகச் செய்தது.

"எங்க கட்டணும்?"

"சந்தை முனையில."

"எந்தக் கம்பத்துல?"

அவர் எழுந்து என் தோளில் கை வைத்தார். கை கனமாக இருந்தது. பிறகு கீழே மண் உதிர்ந்திருப்பதைப் பார்த்து, துடைப்பத்தை எடுத்து, தானே கூட்டிவிட்டுப் போனார்.

அன்று நான் ஏணி சாய்த்திருந்த அந்தக் கம்பத்தில்தான் கட்டினேன். இப்போது மட்டம் பார்க்க ஆள் இல்லை. கட்டி, இறங்கி, கடந்து போய்ப் பார்த்து, திரும்பி வந்து, ஏறி, சரி செய்து, மறுபடி இறங்க வேண்டும். மூன்று தடவை கடந்தேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

அடுத்த சந்தை நாளில் அத்தை வந்தார். அவர் அக்கரையிலிருந்து வருவார். ஐந்து நாளுக்கு ஒரு சந்தை. மே மாதத்தில் சிப்பி கொழுத்திருக்கும். இரண்டு வாளி சிப்பியைத் தள்ளுவண்டியில் வைத்துப் பாலத்தின் மேல் தள்ளிக்கொண்டு வந்தார். பேனருக்குக் கீழே மேங்கின் ஆட்கள் பன்னிரண்டு பேர் சிவப்பு ஜாக்கெட்டில் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆள் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இடுப்பை மடித்து வணங்குவார்கள். அத்தைக்கும் மடித்தார்கள்.

"நான் அக்கரை. எனக்கு இங்க ஓட்டு இல்ல" என்றார் அத்தை.

மடிந்தவர்கள் பாதியில் நிமிர்ந்தார்கள். ஒரு பெண் மட்டும், மடித்ததை வீணாக்க வேண்டாம் என்று முழுதாக வணங்கினாள்.

இதெல்லாம் பிறகு மீன்கார அம்மா சொல்லித் தெரிந்தது. வணக்கத்துக்குப் பதில் சொல்லத் தலையை நிமிர்த்தியபோதுதான் அத்தை மேலே பார்த்தாராம். எழுத்துக் கூட்டி வாசித்தாராம். வாளியை அப்படியே நடைபாதையில் விட்டுவிட்டு என் கடைக்கு வந்தார்.

"மாப்ள, ஏன் மறைச்ச?"

நான் தையல் மிஷினில் இருந்தேன். மிதியிலிருந்து காலை எடுத்தேன்.

"நான் தாங்க மாட்டேன்னு நெனச்சியா? போற நேரத்துலயும் அடுத்தவங்களுக்காகப் பேசியிருக்கா எம்பொண்ணு. இதைப் போய் மறைப்பாங்களா?" கண்ணைத் துடைத்தார். முகம் தெளிவாக இருந்தது. ஏழு மாதத்தில் அப்படிப் பார்த்ததில்லை. "அந்த மேங் நல்ல மனுஷன். சிவப்புல போயும் ஒரு நல்ல மனுஷன். எங்க ஆளுங்க கிட்டச் சொன்னா அடிக்க வருவாங்க."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அத்தை அதற்குள் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, வெறும் சோறு என்று திட்டி, ஓடிப் போய் ஒரு வாளிச் சிப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

"தண்ணியில மூணு மணி நேரம் போடு, மண்ணைக் கக்கட்டும். அப்படியே வேக வைக்காதே. ஒனக்கு எங்க தெரியப்போகுது."

அன்று மாலைக்குள் அக்கரையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அத்தை கோயில் பெண்களிடம் சொல்லியிருந்தார். அவர்கள் ஹேரினுக்காக ஒரு காகித விளக்கு தொங்கவிட்டார்கள். விளக்கின் வாலாகத் தொங்கும் சீட்டில் அந்த வாசகத்தை எழுதினார்கள் என்று அத்தை போனில் சொன்னார். கேட்டுக்கொண்டேன். சிப்பி சூப் நன்றாக வந்தது என்றேன். பல்லில் மண் கடிபட்டது.

மறுநாள் யோம் மிரான் வந்தார். நீலக் கட்சி வேட்பாளர். வயது நாற்பத்தைந்து. ஹேரினிடம் கூட்டுறவு உணவகத்துக்கு வருடா வருடம் பேனர் அடிக்கக் கொடுத்தவர். இருவரும் பேசத் தொடங்கினால் பிரிண்டர் சூடாகி நின்றுவிடும்.

"அதை நீ எப்படிக் கட்டின, தம்பி?" என்று வாசலிலேயே கேட்டார். "வெக்கமா இல்ல?"

"கொடுத்தாங்க. அடிச்சேன்."

"அவ அப்படிச் சொன்னாளா?"

"இல்ல அக்கா."

"எனக்குத் தெரியும்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கா. இந்த ஊர்ல பத்து வருஷம் இருந்தும் அக்கரைக்காரின்னுதான் பேரு, மிளகாப்பொடி வாங்கப் போனாக்கூட பேச்சை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சுடறாங்க அக்கான்னு. அவ மனசு எனக்குத் தெரியும். இந்த மேங் அவளைப் பாலம் ஆக்கறான்."

அதுவும் உண்மையாக இருக்கலாம். மிளகாய்ப்பொடி விஷயம் உண்மை. என்னிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள். யோமிடம் சொன்னபோது சிரித்தாளா என்று கேட்க நினைத்தேன்.

அவர் போனிலிருந்து ஒரு படத்தை அனுப்பினார். நீலம். எட்டு மீட்டர்.

'"நானும் இந்த ஊர்தானே" — ஹேரின் விட்டுச்சென்ற கடைசிச் சொல். அனைவரின் சார்பாக, யோம் மிரான்.'

"அக்கா, இதுவும் கடைசின்னு போட்டிருக்கு."

"அவன் போட்டானே."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுதிருந்தார் என்று அப்போதுதான் கவனித்தேன். "நான் சும்மா இருந்தா அவன் சொன்னது மட்டும் நின்னுடும், தம்பி. அவ என் ஃப்ரெண்டுடா."

மேங்குக்கு அடித்துவிட்டு யோமுக்கு மறுக்க முடியாது. அடித்தேன். எதிர்ப்பக்கக் கம்பத்தில் கட்டினேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் தொங்கின. நடுவில் கோடுகள். இந்தத் தடவை மட்டம் பார்க்க வசதியாக இருந்தது. ஒன்றை வைத்து இன்னொன்றை ஒப்பிட்டுக்கொண்டேன்.

அன்றிரவு அத்தைக்கு போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். நான்கு நாள் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் சந்தை. காலை எட்டரை இருக்கும். சந்தை முனையில் ஹார்ன் சத்தம் கேட்டது. விடாமல் கேட்டது. நான் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று சொல்லத் தேவையில்லை.

அத்தை கோடுகளின் நடுவில் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். சிவப்பைப் பார்த்தார். திரும்பி நீலத்தைப் பார்த்தார். மறுபடி சிவப்பை. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றிருந்தன. சிவப்பு ஜாக்கெட் ஆட்களும் நீல ஜாக்கெட் ஆட்களும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஒரு டிராக்டர்காரர் மட்டும் கத்தினார்.

"ஏம்மா, வீட்டுக்குப் போய்ப் படிக்கக் கூடாதா?"

"எம்பொண்ணு பேசறா, இருய்யா!" என்று அத்தை திருப்பிக் கத்தினார்.

டிராக்டர்காரர் மேலே பார்த்தார். வாசித்திருப்பார் போல. ஹார்னை விட்டார். தொப்பியைக் கழற்றினார்.

நான் ஒரு கையால் வண்டியையும் மறு கையால் அத்தையையும் பிடித்துக் கடைக்குக் கூட்டிவந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன். அத்தை தையல் மிஷினின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"மாப்ள, எம்பொண்ணு செத்தது ஒரு தடவைதானே?"

"ஆமா அத்தை."

"அப்ப கடைசி வார்த்தை எப்படி ரெண்டு?"

பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தேன்.

"ரெண்டும் நீ அடிச்சதா?"

"ஆமா."

"ரெண்டும் பொய்யா?"

"எப்பவாவது சொல்லியிருக்கலாம். கடைசியா சொல்லல."

அத்தை மிஷினின் சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றினார். ஊசி ஏறி இறங்கியது.

"கோயில்ல விளக்கு தொங்குது. அதுல எழுதியிருக்கு. தெனம் போய்ப் படிச்சிட்டு வரேன்."

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சும் சும்மா இருந்த."

"ஆமா."

"கழட்டு ரெண்டையும்."

"முடியாது. தேர்தல் முடியற வரைக்கும் கை வெச்சா கேஸ். கட்டினவனே கழட்டினாலும் கேஸ்."

"பொண்டாட்டி பேரைப் போட்டதுக்குக் கேஸ் இல்ல, கழட்டினா கேஸா?"

"அப்படித்தான்."

அத்தை சிரிக்கிற மாதிரி மூக்கால் மூச்சு விட்டார். ஹேரினும் அப்படித்தான் விடுவாள். பிறகு தண்ணீரை எடுத்துக் குடித்தார். முழுதும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஊருல ஆளாளுக்கு எம்பொண்ணு வாயைத் தொறந்து பேசுறாங்க. நானும்தான், கோயில்ல நின்னு பேசினேன். நீ ஒருத்தன்தான் அங்க இருந்த. நீ ஒருத்தன்தான் பேசல." என்னைப் பார்த்தார். "ஒண்ணும் சொல்லலைன்னியே. அது நெஜமா?"

"இல்ல."

"சொன்னாளா?"

"சொன்னா."

"சொல்லு."

"சின்ன விஷயம் அத்தை."

"நான் பெரிய விஷயம் கேக்கல. பெரிய விஷயம் ரெண்டு அங்க தொங்குது."

"சாமி விளக்குல எழுதற மாதிரி இருக்காது."

"எழுத மாட்டேன். என்கிட்டயே வெச்சுக்கறேன்."

நான் தரையில் உட்கார்ந்தேன். துணிச் சுருளில் சாய்ந்துகொண்டேன். ஏழு மாதம் தினமும் ஒரு தடவையாவது அந்த வாக்கியத்தை எனக்குள் கேட்டிருக்கிறேன். வாய்விட்டு ஒருமுறையும் சொன்னதில்லை. சொன்னால் என் குரலில்தான் வரும், அவள் குரல் போய்விடும் என்று பயம். அத்தையின் காலில் சிப்பித் தண்ணீர் காய்ந்து வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"நான் ஏணி மேல. கயிறு கட்டறேன், ரெண்டு கையும் மேல. அவ அந்தப் பக்கம் போய் நின்னு பாத்தா. மட்டம் சரியா இருந்துச்சு. கட்டை வெரலைத் தூக்கிக் காட்டினா. அப்புறம் சிரிச்சா."

"சிரிச்சாளா?"

"குனிஞ்சு சிரிச்சா. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு."

அத்தை கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"தெருவுல யாரு இருந்தா?" என்றார் விரல்களுக்குப் பின்னாலிருந்து.

"யாருமே இல்ல அத்தை. டோஃபு கடைகூடத் தொறக்கல. ஒரு பூனை இருந்துச்சு. ரெண்டு கையையும் வாய்கிட்டக் குவிச்சு வெச்சுக்கிட்டா. நல்லா சத்தமா, ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்கற மாதிரி."

"என்னன்னு?"

"டேய் கியுன்ஹோ, பேண்ட்டை மேல ஏத்துடா! ஊரே பாக்குது!"